பத்தாவது புள்ளி

பதினைந்து நிமிடம் என்று சொல்லி, சமையலறையில் வைத்துக்கொள்ளும் அந்த வெள்ளைத் திருகு கடிகாரத்தை மேசைமேல் வைத்துவிட்டு ஆரோக்கியமேரி அடுத்த அறைக்குப் போய்விட்டாள். போகிறபோது, "சொறியக்கூடாது பாப்பா, ஊதக்கூடாது, அம்மாவுக்கும் சேத்துத்தான் சொல்றேன்" என்று இரண்டு பேரையும் ஒன்றாகவே மிரட்டினாள். ஆகவே இப்போது நானும் என் மகள் மிதுனாவும், தில்லைநகரின் இந்த ஒவ்வாமை மருத்துவமனையில், வளையல் கடையில் அளவு கொடுக்க உட்கார்ந்தவர்களைப் போல முன்கைகளை மேசைமேல் நீட்டிவைத்துக்கொண்டு காத்திருக்கிறோம். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே நீலப் பேனாவால் பன்னிரண்டு எண்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு சொட்டு, சொட்டின் நடுவே ஊசிமுனையின் ஒரு தொடல். எனக்கு எதற்கு இந்தச் சோதனை என்றால், எனக்குத் தேவையே இல்லை. "நீ முதல்ல குத்திக்கோ, வலிக்கலன்னா நான்" என்று மிதுனா ஒன்பது வயதுக்குரிய நியாயத்தோடு பேரம் பேசினாள். "போட்டுடறேன் மேடம், துணைக்குத் துணையாச்சு" என்று ஆரோக்கியமேரி அவள் பக்கம் சேர்ந்துகொண்டாள். முதல் எண் உப்புநீர், அது தடிக்கக் கூடாது. இரண்டாவது தடித்தே ஆகவேண்டிய மருந்து, அது தடிக்காவிட்டால் சோதனை முழுவதும் பொய். மூன்றும் நான்கும் மெத்தைத் தூசியில் குடியிருக்கும் உண்ணிகள், ஐந்து கரப்பான், ஆறு பூஞ்சை, ஏழு பார்த்தீனியம், எட்டு பூனை, ஒன்பது நாய், பத்து மாடு. பதினொன்றும் பன்னிரண்டும் என்னவென்று அவள் சொல்லத்தான் செய்தாள், நான் பத்தோடு நின்றுவிட்டேன். பத்து தடித்தால் மிதுனா இனி என் அண்ணனின் மாட்டுக் கொட்டகைக்குப் போக முடியாது, ஒரு மாதம் முன்பு அங்கே பிறந்து, அவளால் வைஃபை என்று பெயரிடப்பட்டுவிட்ட அந்தக் கன்றைத் தொட முடியாது. அதைவிட, அண்ணனுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். "டெஸ்ட்டு எடுத்துட்டு, என்னாலதானான்னு மட்டும் சொல்லிடு பாமா" என்று கேட்டிருக்கிறார். வேறு எதையும் அவர் என்னிடம் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஸ்பிரிட் வாசனை. இந்த வாசனையைத்தான் தூய்மை என்று இருபத்தைந்து ஆண்டுகளாக நம்பி வந்திருக்கிறேன், இதற்கு முந்தைய வாசனை ஒன்று இருந்தது என்பதை மூக்கு மறந்துவிட்டதாகவும் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் ஊசி குத்துமுன் ஆரோக்கியமேரி அந்தப் பத்தாம் எண் சொட்டை விட்டபோது, அதற்கு வாசனையே கிடையாது, அது வடிகட்டிய தெளிந்த நீர் போன்ற ஒன்று, இருந்தும் எனக்கு வந்தது: நனைந்த பிண்ணாக்கு, வைக்கோல் தூசி, கோமியம் ஊறிய கருங்கல் தளம், கறவைக்கு முன் மடியில் அடிக்கும் வெந்நீரின் ஆவி. உறையூரில் எங்கள் வீடு என்பது கொட்டகையின் மேல்தளம். கிராமம் அல்ல, தோப்பு அல்ல, சுற்றிலும் சைக்கிள் கடையும் அச்சகமும் டியூஷன் சென்டரும் இருந்த நகரத்துத் தெரு, அதன் நடுவே பதினான்கு மாடுகள். கீழே அவை பெருமூச்சு விட்டால் மேலே எங்கள் பாய் சூடாகும். நான் தவழ்ந்தது அந்தத் தளத்தில், நின்றது தீவனத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, அப்பா கறந்துகொண்டே ஒரு பீச்சு என் வாயில் அடிப்பார், குறி தப்பினால் கண்ணில் விழும், காய்ச்சாத பால், சூடாக, கொஞ்சம் முடியும் தூசியும் சேர்ந்து. அந்த ஒரு பீச்சில் எத்தனை லட்சம் உயிர்கள் இருந்திருக்கும் என்று இன்று எண்ணிச் சொல்வது என் தொழில். அன்று அது இனித்தது, அவ்வளவுதான். இதைப் பொன்னாக்கிப் பேசுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். எனக்கு அடுத்துப் பிறந்த ராதா அதே தளத்தில் தவழ்ந்தவள், அதே பாலைக் குடித்தவள், இரண்டு வயதில் வயிற்றுப்போக்கில் மூன்றே நாளில் போனாள். அந்தக் கொட்டகை எனக்குக் கொடுத்ததையும் அவளிடமிருந்து எடுத்ததையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாதவர்கள் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. நானும் பேசாமல்தான் இருந்தேன்.

"அம்மா, ரெண்டு நமைக்குது." நமைக்கட்டும், அது நமைக்கத்தான் வேண்டும். "உனக்கு?" எனக்கும்தான். "பத்து?" என்று அவளே கேட்டு, அவளே அவசரமாக, "பத்து நமைக்கல, சத்தியமா நமைக்கல" என்று சொல்லிக்கொண்டாள். நாலு நிமிடம் ஆகியிருக்கிறது. நான் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது, நுண்ணுயிர்களை வளர்க்கும் வளர்தட்டை நேரத்துக்கு முன்பே திறந்து பார்க்கிற மாணவிகளை நான் வகுப்பில் கிழித்துத் தொங்கவிடுவேன். வளர்தட்டு என்றதும் அந்தத் தட்டு வந்துவிட்டது. நுண்ணுயிரியல் முதுகலை முதல் ஆண்டு, முதல் செய்முறை வகுப்பு, எல்லோரும் உள்ளங்கையை அகார் தட்டில் அழுத்தி எடுத்து, பெயர் எழுதாமல் எண் மட்டும் எழுதி, இரண்டு நாள் வெதுவெதுப்பில் வைத்தோம். மற்றவர்களின் தட்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிறிய பொட்டுகள். ஒரு தட்டில் மட்டும் ஒரு முழுக் கை, ஐந்து விரலும் தெரிய, மஞ்சள், காவி, இளஞ்சிவப்பு, ஓரத்தில் சுருள் சுருளாகச் சாம்பல், மார்கழிக் கோலத்தில் ஒருத்தி வீட்டிலிருந்த எல்லா வண்ணப் பொடிகளையும் கொட்டிவிட்டதைப் போல. பேராசிரியர் அதைத் தூக்கிப் பிடித்துச் சுற்றிக் காட்டினார். "யாரும்மா இது, குப்பைத் தொட்டிக்குள்ள கைய விட்டுட்டு வந்தது?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், அதுதான் இப்போதும் உறுத்துவது, பயந்து சும்மா இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, நான் சிரித்தேன். விடியலில் அண்ணனுக்காகப் பசுவுக்குத் தவிடு கலக்கிவிட்டுப் பேருந்து பிடித்த கை அது. அன்றைக்கே ஒரு கட்டிச் சோப்பும் ஒரு புட்டி கிருமிநாசினியும் வாங்கினேன், தோல் வெளுத்து விரிசல் விட்டபோதும் நிறுத்தவில்லை, இரண்டாம் பருவத்தில் என் தட்டு எல்லோருடையதையும் விட வெறுமையாக இருந்தது, பேராசிரியர் பாராட்டினார். அந்த முதல் தட்டைக் கொதிகலத்தில் போட்டு அழித்தது நானேதான். அவ்வளவு அழகான ஒன்றை நான் பிறகு வளர்த்ததில்லை. யாராவது ஒரு புகைப்படம் எடுத்திருக்கலாம்.

கடிகாரம் கரகரவென்று அரைக்கிறது. ஏழு, அல்லது எட்டு நிமிடம். மிதுனாவின் இடது கட்டைவிரல் வலது கையின்மேல் எதையோ மறைத்திருக்கிறது. விரலை எடு என்றேன். "சும்மா மூடி வெச்சிருக்கேன்மா. பாத்துக்கிட்டே இருந்தாத்தான் பெருசாகும்." விரலை எடுக்கச் செய்ய வேண்டும், சோதனையைக் கெடுக்கக் கூடாது, இது எனக்குத் தெரியாததா, ஆனால் நான் இன்னொரு முறை சொல்லவில்லை. ஒரு நிமிடம் இருக்கட்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு கன்றோடு என்ன பெரிய உறவு வந்துவிடும் என்று நான் கேட்டதற்கு, "அது என் காத நக்கிச்சும்மா, உள்ள சொரசொரன்னு" என்று அவள் சொன்ன முகம். எனக்கு அந்தச் சொரசொரப்புத் தெரியும். அதை அவளுக்கு நான் ஒன்பது ஆண்டுகள் தெரியவிடவில்லை.

அவள் பிறந்த மூன்றாம் நாள், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று மாலை, அண்ணன் பலராமன் வந்தார். கொட்டகையில் ஒரு பசு ஈன்றிருந்தது, தூக்குவாளியில் சீம்பால், தோளில் துண்டு, முழங்கை வரை காய்ந்த நுரை, கறவை முடிந்த கையோடு ஓடிவந்த மனிதர். வாசற்படியில் நின்றபடியே இரண்டு கைகளையும் நீட்டினார், வெறும் காற்றில், குழந்தை ஏற்கெனவே அந்தக் கைகளில் இருப்பதைப் போல விரல்களைக் குழித்து. நான், "அண்ணே, குளிச்சிட்டு வாங்க" என்றேன். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. பிறந்த குழந்தை, எந்த மருத்துவரும் அதைத்தான் சொல்வார், ராதாவைப் புதைத்த அண்ணனுக்கே அது தெரியும். அவர் திரும்பிப் போய்க் குளித்துவிட்டு வந்தார், ஆனால் வாசனை வந்தது. மறுநாளும் வந்தது. சோப்புக்குப் போகிற வாசனையா அது, துணி இழையில் இருக்கிறது, முடிக்குள் இருக்கிறது, பிறகு நான் செய்ததைத்தான் இன்றுவரை எந்த மருத்துவரும் சொல்லியிருக்க மாட்டார். நீலக் கட்டம் போட்ட ஒரு சட்டை வாங்கி, வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி அடித்து அதில் மாட்டினேன். "இதைப் போட்டுக்கிட்டு உள்ள வாங்கண்ணே." அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். "நல்லா இருக்கு பாமா, புதுச் சட்டையா" என்றார். முதல் ஆறு மாதம் என்றுதான் நினைத்தேன். ஆறு மாதம் ஒன்பது ஆண்டு ஆகிவிட்டது. வருவார், படியில் நின்று தன் சட்டையைக் கழற்றி வெளிக் கொடியில் போடுவார், நீலச் சட்டையை எடுத்து மாட்டுவார், உள்ளே வருவார். போகும்போது மறுபடி மாற்றிக்கொள்வார். நான் அதை வெந்நீரில் துவைத்துத் திரும்ப ஆணியில் மாட்டுவேன். இடையில் அவருக்குத் தொப்பை வைத்துவிட்டது. கீழ்ப் பொத்தான்கள் இரண்டும் சேராது, திறந்தபடியே உட்கார்ந்து காப்பி குடிப்பார், வயிற்றை ஒரு கையால் மறைத்துக்கொண்டு. பார்த்திருக்கிறேன். எத்தனை முறை பார்த்திருக்கிறேன். நான் எல்லாவற்றையும் நுணுக்கிப் பார்க்கிற தொழிலில் இருப்பவள்.

இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒவ்வொரு ஜூலையிலும் இதே பாடத்தை நடத்துகிறேன், அதுதான் வேடிக்கை. பண்ணைகளில், மாடுகளின் அருகே, முதல் ஓரிரு ஆண்டுகளைக் கழித்த குழந்தைகளிடம் ஒவ்வாமை ஆஸ்துமா குறைவாகக் காணப்படுகிறது. கொட்டகைத் தூசியில் இருக்கும் நுண்ணுயிர்களின் துணுக்குகள் அந்தப் பருவத்தில் உடலின் காவற்படைக்குப் பயிற்சி அளிக்கலாம். பயிற்சி இல்லாத காவற்படை பிற்பாடு ஒரு மயிரிழையைக் கண்டும் போர் தொடுக்கலாம். அளிக்கலாம், தொடுக்கலாம், இருக்கலாம். "இருக்கலாம் என்று எழுதுங்கள், இருக்கிறது என்று எழுதினால் மதிப்பெண் இல்லை" என்று கரும்பலகையைத் தட்டிச் சொல்வேன். ஒரு பையன் எழுந்து, "அப்ப எல்லாரும் சாணியில புரண்டா போதுமா மேடம்?" என்று கேட்டான். "உனக்கு வயது பத்தொன்பது, வாய்ப்பு முடிந்துவிட்டது, உட்கார்" என்றேன், வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து நீலச் சட்டையை வெந்நீரில் முக்கினேன். நாற்பத்தைந்து வயது அண்ணனின் கைகளிலிருந்து மூன்று நாள் குழந்தையைக் காப்பாற்றினேன், எதிலிருந்து என்று கேட்டால் நோயிலிருந்து என்று சொல்லியிருப்பேன். நேர்மையாகச் சொன்னால் ஒரு வகுப்பின் சிரிப்பிலிருந்து. முதல் இழுப்பு அவளுக்கு மூன்று வயதில் வந்தது. நான் இன்னும் அதிகமாகத் துடைத்தேன்.

போன மாதம் பள்ளி பாதி நாளில் விட்டுவிட்டார்கள், எனக்குத் தேர்வுப் பணி, அண்ணன்தான் போய் அழைத்துவந்தார், வரும் வழியில் கொட்டகை, கொட்டகையில் புதிதாகப் பிறந்த கன்று. எந்த மாமன்தான் காட்டாமல் இருப்பான். ஒரு மணி நேரம். நான் வீடு திரும்பிக் கதவைத் திறந்து வைத்த அதே நேரத்தில் அவர் ஆட்டோவிலிருந்து இறங்கினார், மிதுனாவைத் தூக்கிக்கொண்டு, அவள் உதடு சாம்பல் நிறத்தில், விலா எலும்புகள் உள்ளே உள்ளே இழுத்துக்கொண்டு, அந்தச் சீழ்க்கை ஒலி தெருவரை கேட்டது. "பம்ப்பு எங்க பாமா, பம்ப்பு எங்க" என்று கேட்டுக்கொண்டே படியேறியவர், என்னிடம் அவளைக் கொடுத்தார், நான் இன்ஹேலரைத் தேடி உள்ளே ஓடினேன், அடித்தேன், இரண்டு, நான்கு, மூச்சு கொஞ்சம் இறங்கியது, திரும்பிப் பார்த்தால் அவர் இன்னும் வாசலில் நிற்கிறார், தன் சட்டையின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொன்றாக. குழந்தை மூச்சுத் திணறிக்கொண்டிருந்த வீட்டுக்குள் சட்டையை மாற்றாமல் வரக்கூடாது என்று அந்தக் கைகளுக்கு நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அதைப் பார்த்தும் என் வாயில் வந்தது இதுதான்: "என்ன பண்ணிட்டீங்கண்ணே." அவர் மறுபடி பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். நான்கு வாரமாகிறது. வரவில்லை. தொலைபேசியில் அந்த ஒரே கேள்வி.

மணி அடித்துவிட்டது. மிதுனா துள்ளிக் கட்டைவிரலை எடுத்தாள். ஆரோக்கியமேரி கண்ணாடி போன்ற ஓர் அளவுகோலோடு வந்து உட்கார்ந்தாள், "மொதல்ல அம்மா" என்று என் கையை இழுத்துக்கொண்டாள். இரண்டாம் எண் கொசுக்கடியைப் போலத் தடித்துச் சிவந்திருந்தது. மற்றவை ஒன்றுமே இல்லை. மூன்று, நான்கு, ஐந்து, வழவழவென்று, குத்தின இடமே தெரியாமல், பத்து, ஒன்றுமில்லை. "என்ன மேடம், உங்களுக்கு ஒண்ணுமே ஒட்டல" என்றாள், "எங்க வளந்தீங்க?" மாட்டுக் கொட்டகையில் என்றேன். வேலையில் சேர்ந்த பிறகு அந்த இரண்டு சொற்களை ஒரு வெளியாளிடம் நான் சொல்வது இதுதான் முதல் முறை. அவள் நம்பாமல் சிரித்துவிட்டு மிதுனாவின் கையைப் பக்கத்தில் வைத்தாள். ஒரே தோல், ஒரே நிறம், என் மணிக்கட்டில் இருக்கும் அதே மச்சம்கூட. மூன்றும் நான்கும் பட்டாணி அளவுக்கு. ஐந்து சிறிதாக. பத்து, அவள் விரல் வைத்து மூடிப் பார்த்த பத்து, வெளிறிய மேடாக, ஓரங்கள் கால் முளைத்ததுபோல் நீண்டு, சுற்றிலும் சிவந்து. அளவுகோல் அதன்மேல் வந்து நின்றது. "ஏழு மில்லிமீட்டர்" என்று ஆரோக்கியமேரி தாளில் எழுதினாள். "மூணைத் தாண்டினாலே பாசிட்டிவ்தான் பாப்பா. டாக்டர் பேசுவாங்க." இரண்டு பேரை வைத்துச் செய்வது ஆய்வே அல்ல என்று எனக்குத் தெரியும். அவளுடைய அப்பா வழியில் யாருக்கு இழுப்பு இருந்தது, நகரத்தின் புகை எவ்வளவு, பிறந்தது அறுவையா இல்லையா, நூறு காரணங்களை நான் அடுக்க முடியும், அடுக்கச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். இரண்டு கைகளும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. மிதுனா அழவில்லை. "நான் அழுத்திப் பிடிச்சேன்மா" என்றாள், மெதுவாக, "இருந்தும் வந்துருச்சு."

வராந்தாவுக்கு வந்து அண்ணனை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார், பின்னணியில் ஒரு கன்று கத்தியது, அது யார் என்று தெரிந்து மிதுனா என் கையோடு ஒட்டிக்கொண்டாள். "மாடுதான் அண்ணே" என்றேன். அவர் கன்றை விட்டு விலகி நடப்பது கேட்டது. பிறகு, "சரி. அப்ப என்னாலதான்" என்றார். இல்லை என்றேன். "உங்களால இல்ல, என்னால. அவ பொறந்தப்ப நீங்க கைய நீட்டினீங்க, நான் குடுக்கல. அப்பவே அவ உங்க கொட்டகைக்கு வந்து போயிருந்தா இது வராமலே இருந்திருக்கும்." இருந்திருக்கலாம் என்றுதான் சொல்ல வேண்டும், மதிப்பெண் இல்லை, போகட்டும். அவர் அதைப் புரிந்துகொண்டாரா என்று தெரியவில்லை. "அட, அது எப்பவோ நடந்தது, நீ பயந்துக்கிட்டு செஞ்ச, ராதா போனப்ப நீ சின்னப் புள்ள" என்று எதையோ தொட்டும் தொடாமலும் சொன்னார். பிறகு, "இப்ப நான் வீட்டுப் பக்கம் வரலாமா, அதுவும் கூடாதா?" என்று கேட்டார். மேலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு வரலாம், வேட்டியையும் மாற்ற வேண்டும், இந்தத் தடவை உண்மையாகவே தேவைப்படுகிறது என்று சொல்ல வந்து, உண்மையாகவே என்ற சொல்லில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். ஒன்பது ஆண்டு தேவையில்லாமல் கேட்டதை இன்று தேவைப்பட்டுக் கேட்கிறேன், அதே சட்டை, அதே ஆணி. அவரே முடித்துவைத்தார். "அதுக்கென்ன பாமா, சட்டதான் அங்க தொங்குதே."

"அது வேண்டாம்ணே" என்றேன். "உங்க சட்டை அளவு என்ன?"

"எதுக்கு?"

"சொல்லுங்க."

"நாப்பத்தி நாலு" என்றார். ஆணியில் தொங்குவது முப்பத்தெட்டு.